நாலு விரல் குறைந்த வாசல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான்தான் நல்லவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நல்லவள் பக்கத்து வீட்டு அக்கா. எழுபதுகளில் தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவள் புருஷன் இறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தனியாக இருந்தாள்.

லயத்து வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். வாசல் கதவு உள்பக்கமாகத் திறக்கும். திறந்தால் அறையில் கால்வாசியைத் தின்றுவிடும். எட்டு வருஷமாக அது எங்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களுக்குக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் என்ன?

அந்த வருஷம் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, "இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்றார் டாக்டர். ஆனால் இன்னும் இரண்டு மாதம் கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று அவரைத் தூக்கி முதுகைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வைத்துவிடும் என்றும் சொன்னார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். வீட்டுக்குள் ஒரு தடவை நோட்டம் விட்டார்.

"ஏம்மா, இதுக்குள்ள கட்டிலப் போட்டா நீங்க எங்க நிப்பீங்க? எங்க வீட்டுக் கூடம் பெருசு. ஞாயித்துக்கிழமை ஜீப்புல தம்பியக் கீழ கொண்டு போயிருதேன்."

"அத்தான், கட்டில் போட இடம் பண்ணிட்டா?"

"பண்ணிட்டா சரி. இல்லன்னா பிடிவாதம் பிடிக்கக் கூடாது."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நான் கூடப் போக முடியாது. செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில், என் பெயர் இருந்தால்தான் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம். என் வீட்டுக்காரரோ கூச்சத்தில் பிறந்த மனுஷன். சோறு போதாவிட்டால் இன்னொரு கரண்டி கேட்கத் தெரியாது. அடுத்தவர் வீட்டில் படுத்துக்கொண்டு, அண்ணிமாரிடம் வாய் திறந்து ஒன்றுக்குப் போகவேண்டும் என்று சொல்வாரா? ஈரத்திலேயே கிடப்பார். முதுகில் புண் வந்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். கீழே போனால் ஆள் எனக்குத் திரும்பிக் கிடைக்க மாட்டார் என்று பட்டது.

உடனே மட்டக்கம்பை எடுத்தேன். கொழுந்து எடுக்கும்போது செடியின் மேல்மட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காகக் குறுக்கே வைத்துப் பார்க்கிற கம்பு அது. எங்களுக்கு அளவுகோல் என்றால் அதுதான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், அங்கே இரவல் தருவதாகச் சொன்ன கட்டிலை அளந்தேன். வீட்டுக்கு வந்து அறையை அளந்தேன். கட்டிலை நட்ட நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். இடைஞ்சல் கதவுதான், திறந்தால் கட்டில் காலில் முட்டும். சரி, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டால் தீர்ந்தது! எஸ்டேட் ஆபீசில் கேட்டால் கூடாது என்பார்கள் என்று கேட்காமலே ஆசாரியைக் கூட்டிவந்து வியாழக்கிழமையே கீலை மாற்றிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவை ஓங்கித் தள்ளினேன். வெளியே 'படார்' என்று சத்தம். வராந்தா மூன்றடி அகலம், குழாயடிக்குப் போக அக்காவுக்கு அது ஒன்றே வழி. இடுப்பில் இருந்த மண்குடம் சுக்குநூறாகி, அவள் தலை முதல் கால் வரை நனைந்து நின்றாள்.

"ஏட்டி, வராந்தா என்ன உங்க அப்பன் சொத்தா?"

"கண்ணத் தொறந்து நடக்கணும்!" என்றேன். தப்பு என்னுடையது என்று தெரிந்துதான் சொன்னேன். வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழை. ஜீப்பிலிருந்து நாலு பேர் அவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். இடுப்பிலிருந்து இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு, காலை அகட்டி வைத்து நடுவில் ஒரு கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் போர்வைக்குள் கிடந்தவரைப் பார்த்தேனே தவிர அந்த அகலம் என் புத்தியில் ஏறவே இல்லை. கட்டிலை அளந்தேன், அறையை அளந்தேன், மனுஷனை அளக்கவில்லை. வாசலுக்கு நாலு விரல் குறைந்தது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்கள். அவர் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் இரண்டும் அழ ஆரம்பித்தன.

"சொன்னேன்லா?" என்றார் அண்ணன். "ஜீப்புல ஏத்துங்கப்பா, கீழ போவோம்."

என் வீட்டுக்காரர் மழை முகத்தில் விழ, கண்ணை மூடிக்கொண்டார்.

"நிலையப் பேத்தா ஒரு சாண் கிடைக்கும்" என்றார் கூட்டத்தில் நின்ற ஆசாரி மெதுவாக. ஆனால் கை வைக்கவில்லை. யாரும் வைக்கவில்லை. வெள்ளி தவறாமல் மஞ்சளும் குங்குமமும் வைக்கிற நிலை. வீட்டு ஆம்பிளை சீக்காகக் கிடக்கும்போது அதைப் பெயர்த்தால் அவனுக்கு ஆகாது என்று எங்கள் சனத்துக்கு ஒரு பயம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. யாரோ எடுத்துவந்த கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க. எனக்கு இனிமே ஆகாதது என்ன இருக்கு? நான் பேக்கேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்று கடப்பாரையை எடுத்து நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரே குத்து. மண்சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் ஆரம்பித்த பிறகுதான் ஆசாரிக்குக் கை வந்தது. அரைமணி நேரத்தில் நிலை கதவோடு வராந்தாவில் கிடந்தது, என் வீட்டுக்காரர் அறைக்கு நடுவே கட்டிலில் கிடந்தார். அண்ணன் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தனியாக ஜீப் ஏறினார்.

கட்டுப் பிரிக்க மறுபடியும் அதே வாசல் வழியாகத்தான் கொண்டு போகவேண்டும் என்பதால் இரண்டு மாதத்துக்கு நிலையை வைக்க முடியாது. சாரல் உள்ளே அடித்தது. அக்கா தன் கம்பளியைக் கொண்டுவந்தாள். மழையில் வேலை செய்ய எஸ்டேட்டில் கொடுத்த புதுக் கம்பளி, மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு ஆணியை அடித்து எங்கள் வாசலில் அதைத் தொங்கவிட்டாள்.

"உனக்கு?" என்றேன்.

"சாக்கு இருக்குல்லா."

அவளைப் போல ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாளே, அது நான் செய்த புண்ணியமில்லை, என் வீட்டுக்காரர் செய்த புண்ணியமாகத்தான் இருக்கும். மூன்றாம் மாதம் அவர் கம்பை ஊன்றி நடந்தார். அதற்குப் பிறகும் நிறைய வருஷம் என் கையால் சாப்பிட்டார். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் நான் அவளுக்குக் கடன்பட்டவள்.

ஆனால் அதையெல்லாம் விட, நிலையைப் பெயர்த்த மறுநாள் திங்கட்கிழமைதான் என் நினைவில் நிற்கிறது. மலைச்சரிவில் எல்லோரும் கம்பளிக்குள் இருந்தோம். அக்கா மட்டும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தொப்பலாக நனைந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். என் நிரையை விட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

அவள் செடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் வீட்டு ஆளையும் கீழதான் அனுப்பி வச்சேன் பிள்ள" என்றாள். "இதே மாதிரி, வீட்டுல எடம் இல்லன்னு. கடைசியா ஒரு தந்திதான் வந்துது. நான் போய்ச் சேருமுன்ன எடுத்துட்டாங்க."

கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"போ, கொழுந்த எடு. கங்காணி பாக்கான்."