சுவரின் ஈரமும் சாந்தியின் மூச்சும்

சாந்தியின் இருமல் முதலில் ஒரு சிரிப்பின் நடுவில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை முடிக்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சளி என்று நினைத்தோம். குன்னூர் மழையில் இருமாதவர் யார்?

நான் எஸ்டேட் தொழிற்சாலையில், தேயிலையைச் சூடான காற்றில் உலர்த்தும் டிரையர் பகுதியில் வேலை பார்த்தவன். என் மனைவி சாந்தி எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. தேயிலை விலை விழுந்து, எழாமலே கிடந்த ஆண்டுகள் அவை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போயின. பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை என்று காப்பகத்தை மூடினார்கள். தொழிற்சாலை வாரத்தில் சில நாட்களே ஓடியது. நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்) கூரையைப் பழுது பார்ப்பதும் நின்றுபோனது.

வேலை போனபின் சாந்தி பகல் முழுக்க வீட்டுக்குள் இருந்தாள். கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் கரும்பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். சுண்ணாம்பு அடிப்போம். அடுத்த மழையில் திரும்ப வரும். மலை வீடென்றால் அப்படித்தான் என்று பழகியிருந்தோம்.

இருமல் மாதக்கணக்கில் நீண்டது. மருத்துவமனையில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். ஆஸ்துமா என்று இழுப்பு மருந்து கொடுத்தார்கள். இதற்கிடையில் அவள் அக்கா மகள் கல்யாணத்துக்கு அவினாசி போய்ச் சில வாரம் தங்கினாள். இருமல் ஏறக்குறைய நின்றேவிட்டது. வெயில் ஒத்துக்கொண்டது என்று மகிழ்ந்தோம். திரும்பி வந்த சில நாட்களில் காய்ச்சலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தன. குழாயடியிலிருந்து குடத்தோடு ஏறும்போது வழியெல்லாம் நின்று நின்று வந்தாள்.

கோவையில் ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அமைதியாகப் பேசும் பெண்மணி. சி.டி. ஸ்கேன் (நெஞ்சை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) பார்த்துவிட்டு அவர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்டார். புறா வளர்க்கிறீர்களா, விறகடுப்பா, வெளியூர் போனால் இருமல் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவினாசிக் கதையைச் சொன்னோம்.

"வீட்டுல செவுரு ஈரமா இருக்குங்களா?"

"மலைங்க டாக்டர். ஈரமாத்தானுங்க இருக்கும்" என்றாள் சாந்தி.

நோயின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டோம். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (பூஞ்சைத் தூசு போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை அழற்சி). அதோடு ஃபைப்ரோசிஸும் (நுரையீரல் தழும்பேறி இறுகுவது) தொடங்கியிருந்தது. அழற்சியை ஸ்டீராய்டு மாத்திரையால் தணிக்கலாம், தழும்பானது திரும்பாது என்றார் மருத்துவர். அந்தச் சுவரோடு இருக்கும்வரை மாத்திரையும் தோற்கும் என்றார்.

எங்கள் மகள் கவிதா திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள், செல்போனில் குன்னூர்க் காற்றின் தரத்தைத் தேடிக் காட்டினாள். திரை பச்சையாக இருந்தது. நல்ல காற்று என்று பொருள். "பச்சைன்னு தானப்பா காட்டுது" என்று சொல்லி அழுதாள். அந்தப் பச்சை வெளிக்காற்றுக்கு உரியது, அதுவும் எங்கோ ஓரிடத்தில் அளந்தது. எங்கள் கட்டிலைச் சுற்றியிருந்த காற்றை யாரும் அளக்கவில்லை.

காற்று வடிகட்டி வாங்க நானும் கவிதாவும் கோவைக் கடைக்குப் போனோம். ஊரைச் சொன்னதும் விற்பனையாளர் சிரித்துவிட்டார். காற்று வாங்கத்தான் எல்லாரும் உங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்றார். பிறகு ஒரு பெரிய இயந்திரத்தைக் காட்டி, இது அறைக்கு ஈரப்பதமும் கொடுக்கும் என்றார். எங்கள் வீட்டில் தீப்பெட்டி நமுத்துப் போகும், உப்பு தண்ணீராகும். வேறு இயந்திரம் காட்டச் சொன்னேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்காக நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஹெப்பா வடிகட்டி (கண்ணுக்குத் தெரியாத துகளையும் பிடிக்கும் நெருக்கமான மடிப்புகள்) உள்ளதாக வாங்குங்கள். பூஞ்சை வித்தும் புகைத்துகளும் அதில்தான் சிக்கும். ஓசோன் (நுரையீரலை உறுத்தும் வாயு) வெளிவிடும் வகை வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அறையின் அளவுக்குப் போதுமான வேகம் இருக்க வேண்டும். ஆனால் எந்த வடிகட்டியும் சுவரை உலர்த்தாது. ஈரத்தை உறிஞ்சும் கருவி வேறு. முதலில் ஈரத்தையும் புகையையும் நிறுத்த வேண்டும், பிறகுதான் வடிகட்டி. நாங்கள் வடிகட்டியை முதலில் வாங்கினோம். நோயாளி இருக்கும் வீட்டில் எதையாவது உடனே செய்தாக வேண்டும் என்றிருக்கும்.

விறகடுப்பை விட்டு முழுக்க காஸுக்கு மாறினோம். சாந்தியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, சுவரின் பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினேன். கூரையில் தகரம் மாற்றினேன். திரும்பி வந்தவள் புதிய சுவரைத் தடவிப் பார்த்தாள். வடிகட்டியின் விசிறிச் சத்தத்தில் அன்று பகலில் நன்றாகத் தூங்கினாள். கோடை முழுவதும் நன்றாக இருந்தாள். பழைய காப்பகம் வரை நடந்துபோய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு மழை பிடித்தது. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால் நாள்கணக்கில் கரண்ட் இருக்காது. காற்று எப்போது மோசமோ அப்போது இயந்திரம் வாய் மூடி நின்றது. கரண்ட் வந்ததும் போட்டால் மண்வாடை அடித்தது. மூடியைத் திறந்தேன். வடிகட்டியே ஈரமேறி, ஓரத்தில் கரும்புள்ளி பூத்திருந்தது. சுவரிலிருந்ததை எடுத்து அவள் தலைமாட்டில் வைத்துவிட்டது போலிருந்தது.

அடுத்த முறை மருத்துவர் வேறு வழி சொல்லவில்லை. தழும்பு கூடியிருந்தது. மலை உயரத்தில் காற்று மெல்லியது, இந்த நுரையீரலுக்கு அது போதாது, கீழே இறங்கிவிடுங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது சாந்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, மூச்சு வுடறதுக்காக யாராச்சும் ஊட்டிப் பக்கமிருந்து கீழ போவாங்களா?"

 மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் அவளே பதிலும் சொன்னாள். "போலாமுங்க. உங்களத் தனியா வுட்டுட்டுப் போறதுக்கு இது தேவலை."

நான் வேலையை விட்டேன். தொழிற்சாலை அந்த ஆண்டே நின்றுபோனது. மேட்டுப்பாளையத்தில் லாரி போகும் சாலையில் ஒரு காய்ந்த வீடு கிடைத்தது. இங்கே காற்று வேறு. பூஞ்சை இல்லை, ஆனால் புழுதி. இயந்திரத்தின் முன்பக்க வலை விரைவிலேயே பஞ்சு போல் அடைத்துக்கொண்டது. அடிக்கடி கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினேன். டீசல் வாடைக்காகக் கரி வடிகட்டி (வாடையை உறிஞ்சுவது) உள்ளதாகப் பார்த்து மாற்றினோம். சாலைப் பக்க ஜன்னலை மூடி, கொல்லைப்புற ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஊருக்கு ஊர் காற்று மாறும்போது பாடமும் மாறுகிறது.

அலமாரி மேல் படிந்த புழுதியில் சாந்தி விரலை வைத்துக் காட்டினாள். "அங்க கண்ணுக்குத் தெரியாம இருந்துச்சு. இங்க தெரியுது. பரவால்லீங்க, ஏமாத்தறதில்ல."

மூச்சு இன்னும் குறைந்தபோது வீட்டுக்கு ஆக்ஸிஜன் செறிவூட்டி (அறைக்காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வந்தது. மூக்கில் குழாயோடு சமையலறை வரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஒரு மதியம் மழை பெய்தது. வடிகட்டியை மட்டும் சற்று நேரம் நிறுத்தச் சொன்னாள். மழையைக் கேட்க வேண்டும் என்றாள். நிறுத்தினேன். ஓட்டில் மழை விழுந்தது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். மழை நின்றதும், "போட்டுருங்க" என்றாள்.

பனிக்காலத்தில் கவிதா வந்திருந்தபோது சாந்திக்குச் சாதாரண ஜலதோஷம்தான் வந்தது. அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா (நுரையீரலில் கிருமித்தொற்று) ஆயிற்று. மருத்துவமனையில் முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினார்கள். பேச முடியவில்லை. கவிதாவின் கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

முன்னமே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கோவை மருத்துவரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. ஆனா அந்தக் கோடையும், கீழ வந்து கெடச்ச நாளும் நீங்க வாங்கிக் கொடுத்தது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

எனக்கு மூச்சில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாலையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். சற்று நடந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. தெரிந்தவர்கள், உடம்புக்கு முடியலைங்களா என்று விசாரிக்கிறார்கள். பேசும்போதும் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லி, இடையில் காத்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் மூச்சு எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் என்பது போல. அவர்கள் உடனே பதில் சொல்லிவிடுகிறார்கள். நாள் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நான் இன்னும் அவளுடைய வேகத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.