பிலோமினா அக்கா சுண்ணாம்பு கரைக்காத வருடம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி மேட்டூரில் எங்கள் ஆலையின் டைம் ஆபீஸுக்குப் போனில் வந்தது. கிளார்க் என்னைக் கூப்பிட்டு, "சேலத்திலிருந்து பேசினாங்க, உங்க அக்கா தவறிட்டாங்களாம்" என்றார். எனக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. அதனால் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். கேன்டீனில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டேன். பிறகுதான் பஸ் ஏறினேன். அன்று அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீல் ஆபீஸின் டைப்பிஸ்ட். எங்கள் தேவாலயப் பங்கில் பெண்கள் குழுவின் தலைவி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் சிலருக்கு அவர் சனிக்கிழமை சாயங்காலம். நெருக்கடி நிலை அறிவித்து, பத்திரிகைகள் தணிக்கையில் மெலிந்து வந்த காலம். வேலை முடிந்ததும் அந்த ஆபீஸிலேயே கூடுவோம். முதலில் அன்றைய பேப்பர். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து விவிலியத்தில் ஒரு தீர்க்கதரிசி: ஆமோஸ், எரேமியா, எசேக்கியேல். "பேப்பர்ல செய்தி இல்லாத காலத்துலதான் இவங்களைப் படிக்கணும் தம்பி. இவங்களும் அரசாங்கம் போடக் கூடாதுன்னு சொன்ன செய்திதான்" என்பார்.

அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று. படித்ததை டெல்லியோடு நிறுத்தக் கூடாது. நம் ஊரில் அது யார் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றவர்களை ஆமோஸ் ஏசும் பகுதியைப் படித்த அன்று, நாங்கள் பெரிய முதலாளிகளின் பெயர்களாக அடுக்கினோம். அக்கா தன் வக்கீலின் பெயரைச் சொன்னார். எதிர்த்தரப்போடு பேசி முடித்துக்கொண்டு ஒரு குத்தகைக்காரரின் வழக்கை அவர் தோற்கவிட்டிருந்தார். அந்த மனுக்களை டைப் அடித்தது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்த பழனிசாமியும் எங்களோடு வருவார். சாமி கும்பிடுகிற வழக்கமே இல்லாதவர். ஒருநாள் எரேமியாவைப் பாழுங்கிணற்றில் இறக்கிய கதையைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இந்த ஆளு எந்தக் கட்சிங்க?" என்றார்.

"எல்லாக் கட்சியும் சேந்து வெளிய தள்ளுன ஆளுங்க" என்றார் அக்கா.

"அப்படீன்னா நம்மாளுதானுங்க" என்றார் பழனிசாமி. அக்கா சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அவரைப் புனிதையாக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பங்கில் ஒரே கோயில், ஒரே பலிபீடம், ஒரே கல்லறைத் தோட்டம். அந்தத் தோட்டத்தின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர். சாதிக்காரக் கிறிஸ்தவர்களுக்குக் கிழக்கு, சேரியிலிருந்து வரும் எங்களுக்கு மேற்கு. என் அப்பா மேற்கே கிடக்கிறார். அக்கா கிழக்குக் குடும்பம். ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு, பெண்கள் குழு சுண்ணாம்பைக் கரைத்து நீலம் கலந்து கொடுக்கும். எங்கள் தெரு ஆட்கள் கூலிக்கு அதைக் கல்லறைகளுக்கும் சுவருக்கும் அடிப்பார்கள். பல வருடங்கள் அக்காவும் கரைத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தவறாகத் தோன்றியதே இல்லை. திருநாளுக்குச் சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை எசேக்கியேலில் சுவர் வந்தது. மக்கள் ஒரு சொத்தைச் சுவரைக் கட்டுகிறார்கள். பொய்த் தீர்க்கதரிசிகள் எல்லாம் சமாதானமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அதற்கு வெள்ளை அடிக்கிறார்கள். சேலம் முழுவதும் அரசாங்கம் சுவர்களுக்கு வெள்ளை அடித்து, ஒழுங்கையும் உழைப்பையும் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. நான் துள்ளினேன். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று அரைமணி நேரம் பேசினேன். நான் முடித்ததும் அக்கா, "நம்ம ஊர்ல எந்தச் சுவரு தம்பி?" என்றார். என் அப்பாவின் தலைமாட்டில் நிற்கும் சுவர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர்தான் சொன்னார்: "அதுக்கு சுண்ணாம்பு கரைக்கிறது நான்."

அந்த வருடம் கல்லறைகளுக்கு மட்டும் கரைப்பேன், சுவருக்கு மாட்டேன் என்று பங்குக் கூட்டத்தில் சொன்னார். கிழக்கில் பெரிய கொந்தளிப்பு. பங்குச் சாமியார் அவரைக் கூப்பிட்டு, எல்லோரும் சமாதானமாக இருக்கும்போது ஏன் கலகம் என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அக்கா கைகட்டி நின்றபடி சொன்னார்: "சுவரை இடிங்கன்னு நான் கேக்கலைங்க சாமி. இருக்கிறது இருக்கட்டும். அதை அழகு பண்ண வேண்டாம்னுதான் சொல்றேன்."

மழையில் சுவர் கறுத்துப் பாசி படிந்தது. திருநாளன்று அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிமிர்ந்த என் அம்மா, "இந்தச் சுவரு இத்தனை நீளமாடா?" என்றார். அடுத்த வருடம் பெண்கள் குழுவுக்கு வேறு தலைவி. சுவர் பழையபடி வெள்ளையானது. அக்காவின் அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தினார். நெருக்கடி நிலை போய், ஆட்சிகள் மாறின. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நோயில் விழுந்த பிறகு சாமியாரிடமும் அண்ணனிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்னை மேக்கால பொதைங்க." சாமியார் பார்க்கலாம் என்றார்.

அடக்கத்துக்கு நான் அம்மாவோடும் எங்கள் தெரு ஆட்களோடும் போனபோது கிழக்கே, சுவரை ஒட்டியிருந்த குடும்பக் கல்லறையைத் திறந்து வைத்திருந்தார்கள். கிழக்கு வாசலில் நின்றிருந்த இருவர் எங்களைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கமா வந்துருங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பழனிசாமியை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர் கிறிஸ்தவரே இல்லை; ஆனால் சேரியும் இல்லை. "நான் இவங்க கூடவே வாரேனுங்க" என்று அவரும் எங்களோடு மேற்கே வந்துவிட்டார்.

சுவருக்கு மேலாகப் பெட்டி இறங்குவதைப் பார்த்தோம். ஆளுக்கொரு பிடி மண் போடும் நேரம் வந்தது. எங்களுக்கும் குழிக்கும் நடுவே சுவர். அம்மா குனிந்து ஈரமண்ணை அள்ளிச் சுவருக்கு மேலே வீசினார். அடுத்து பழனிசாமி. அடுத்து எல்லோரும். சிலது குழியில் விழுந்தது. பலது எட்டாமல் சுவரில் அறைந்து ஒட்டிக்கொண்டது. சாமியார் ஜெபத்தை நிறுத்தவில்லை. அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கை மட்டும் வீசியது.

அக்காவிடமிருந்து பக்தி எனக்கு வரவில்லை. டெல்லியைத் திட்டி முடித்த பிறகு என் தெருவுக்குத் திரும்பி வந்து நிற்கும் வழக்கம்தான் வந்திருக்கிறது. கல்லறைத் திருநாள் நெருங்குகிறது. அந்த மண் கறைகளின் மேல் வெள்ளை அடிக்க, எங்கள் தெருவில்தான் கூலிக்கு ஆள் கூப்பிடுவார்கள். போகாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். சிலர் சரி என்றார்கள். சிலர் அந்தக் கூலியை நீ தருவாயா என்று கேட்டார்கள். நாளைக்கும் போவேன்.