தலைவரின் வானில் ஏறிய என் வோட்டு

எங்கள் தேர்தலன்று அந்தப் பள்ளிக்கூடத்துச் சின்ன ஒழுங்கையில் இருந்தவர்கள் பதினொரு பேர். எண்ணித்தான் சொல்கிறேன், எண்ணாமல் எதையும் சொல்ல எனக்கு வராது. எங்கள் பள்ளிக்கூட வான் சாரதிகள் சங்கத்தின் தலைவர் ஒருவர். கணவர் இறந்த பிறகு அவருடைய வானைத் தானே ஓட்டத் தொடங்கி எல்லோருக்கும் ‘வான் அக்கா’ ஆகிவிட்ட அக்கா. புதுக் குளிர்சாதன வான் வைத்திருந்த, எங்களில் வயது குறைந்தவர் என்பதால் எல்லோரும் சிங்களத்தில் தம்பி என்ற பொருளில் ‘மல்லி’ என்று கூப்பிட்ட ஆள். ஹெவ்லொக் டவுன் பக்கம் ஓடும் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒருகொடவத்தையில் கன்டெய்னர் லொறி ஓட்டிக் களைத்து வானுக்கு மாறிய ஒருவர். நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் தெஹிவளை முஸ்லிம் அண்ணன். பம்பலப்பிட்டியில் பிள்ளைகள் ஏற்றும் இரண்டு பேர். பள்ளிக்கூடக் கேட்டைக் காவல் காக்கும் வொச்சர் ஐயா. பதினோராவது நான். இவர்களில் வோட்டு உள்ளவர்கள் ஒன்பது பேர். வொச்சர் ஐயாவுக்கு எப்போதுமே வோட்டு இல்லை. தலைவருக்கு அன்றோடு இல்லாமல் போயிருந்தது.

பள்ளிக்கூட வான் ஓட்டாதவர்களுக்கு, ஒன்பது பேர் உள்ள சங்கத்துக்கு ஒரு தலைவரா என்று சிரிப்பு வரும். எங்களுக்குச் சிரிப்பு வராது. வெள்ளவத்தையில் அந்தப் பள்ளிக்கூடத்து ஒழுங்கை ஒரு வானுக்குத்தான் அகலம். கடல் பக்கத்தால் உள்ளே வந்து, கேட்டில் பிள்ளைகளை ஏற்றி, காலி வீதிப் பக்கத்தால் வெளியேற வேண்டும். ஒன்றரை மணிக்கு முதலாவதாக நிற்கிற வான் பஸ் நெரிசல் கூடுமுன் தப்பிவிடும். கடைசி வான் காலி வீதியைத் தொட இன்னும் முக்கால் மணித்தியாலம். அதற்குள் சின்னப் பிள்ளைகள் பசியில் அழும், தாய்மார் போன் எடுப்பார்கள், இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வானுக்கு மாற்றிவிடுவார்கள். யார் எத்தனையாவதாக நிற்பது என்று ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதி வைப்பவர்தான் தலைவர். எங்கள் சோறு அந்தக் கொப்பியில் இருந்தது.

அந்தத் தலைவர், யார் எந்த வருடம் வான் ஓட வந்தார் என்ற கணக்குப்படி வரிசை போட்டிருந்தார். அவர் கணக்கில் நான் மூன்றாவது. எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு ஹட்டன் பக்கத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கடை வேலைக்கு வந்தவன் நான். பிறகு லைசன்ஸ் எடுத்து ஒரு பழைய சின்ன வானை வாங்கினேன். என் வாழ்க்கையில் எந்த வரிசையிலும் மூன்றாவதாக வந்ததில்லை. அதனால் அந்த மூன்றாம் இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். கதவு சரியாகப் பூட்டினதா என்று மூன்று தரம் பார்க்கிற ஆள் நான். பயப்பட ஒன்று இல்லாத நாளில் அதற்கும் பயப்படுவேன்.

எங்கள் தேர்தலில் கடதாசி கிடையாது. முதல் வருடம் யாரோ கொப்பித்தாள் கிழித்துக் கொண்டுவந்தபோது மழை கொட்டியதாம். “எதுக்குக் கடதாசி? பிள்ளைகளை எண்ணுற மாதிரி எண்ணினாப் போச்சு” என்று தலைவர் சொன்னாராம். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற பத்து மணிக்கு, தேர்தலில் நிற்கிறவர்கள் தங்கள் வான்களின் கதவைத் திறந்து வைப்பார்கள். நாங்கள் யாருக்கு ஆதரவோ அவருடைய வானில் ஏறி உட்கார வேண்டும். வொச்சர் ஐயா தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எந்த வானில் தலை கூடவோ அந்த வான்காரர் தலைவர். மூடி மறைக்க ஒன்றும் இல்லை. எனக்கு அதுவரை மறைக்க வேண்டியும் இருக்கவில்லை. ஓட வந்த ஆறு வருடமும் தலைவரின் வானில்தான் ஏறினேன்.

அந்த வருடம் தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது தலைவர் கண் சோதனையில் தவறிவிட்டார். லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். வவுனியாவில் மகனோடு போய் இருக்கப் போகிறேன், வானையும் கொடுத்துவிடுவேன் என்றார். வான் இல்லாதவருக்கு எங்கள் சங்கத்தில் இடமில்லை. அது அவரே போட்ட சட்டம். எல்லோரும் அவருக்காகக் கவலைப்பட்டார்கள். நானும் பட்டேன். ஆனால் அன்றிரவு படுத்திருந்தபோது நினைத்தது அவருடைய கண்ணைப் பற்றி இல்லை, என் மூன்றாம் இடத்தைப் பற்றித்தான்.

மிச்சமாக நின்றவர்கள் இரண்டு பேர். மல்லி பெரிய வான்களுக்கு முன்னிடம் என்றார். கூடப் பிள்ளைகள் ஏற்றுகிறவன் முதலில் போனால் ஒழுங்கை சீக்கிரம் காலியாகும் என்பது அவர் நியாயம். அந்தக் கணக்கில் என் சின்ன வான் ஒன்பதாவது, என்றைக்கும் ஒன்பதாவது. அக்கா கிழமைக்குக் கிழமை, வாரா வாரம், முறை மாற வேண்டும் என்றார். இந்தக் கிழமை கடைசியில் நின்றவர் அடுத்த கிழமை எட்டாவது, அதற்கு அடுத்த கிழமை ஏழாவது. எட்டாம் ஆண்டு படித்த எனக்கே அந்தக் கணக்கு விளங்கியது. எனக்கு நல்லது அக்காதான். ஒரு நொடி யோசிக்க வேண்டியதில்லை. நான் நான்கு நாளும் யோசித்தேன்.

காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அக்கா மேல் பொறாமை. அவர் ஓட வந்து மூன்று வருடம்தான். வந்த வருடமே கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் என் வானிலிருந்து அவர் வானுக்குப் போனார்கள். ஏதாவது பிழை விட்டேனா என்று தாயிடம் கேட்டேன். “பிழை ஒண்டும் இல்ல அண்ணா. அக்கா பிள்ளை இறங்கின உடனே மெசேஜ் போடுறா. நீங்க போடுறதில்லதானே” என்றார். அக்கா ஏ.எல். பரீட்சை வரை படித்தவர். தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் தாய்மாருக்கு மெசேஜ் போடுவார். பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ட்ரபிக் பொலிஸ்காரர் என்னை மறித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவரை மறித்தால் சிரித்துக் கதைத்து, அந்த ஆளின் மகள் எந்த ஸ்கூல் என்று கேட்டுவிட்டு வருவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருநாள் என் வான் டயர் காற்றுப் போனபோது என் பிள்ளைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்கிவிட்டார். அன்று நன்றி சொன்னேன். இனி எத்தனை பேர் அங்கேயே தங்கப் போகிறார்களோ என்று அந்தக் கிழமை முழுக்க என் வானில் ஏறும் தலைகளை எண்ணினேன்.

அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் எனக்குள் இருந்தது. தலைவரின் வான். வெள்ளை நிறம், பதினைந்து சீட், கடும் சிவப்பு உறை. எஞ்சின் சத்தம் கேட்டாலே பராமரித்த கை தெரியும். அவர் போவதாகச் சொன்ன அன்றே தனியாகப் பிடித்து, “வானை எனக்குத் தருவீங்களா அண்ணே, தவணையா கட்டிருறேன்” என்று கேட்டேன். “பாப்பம் தம்பி” என்றார். அந்த ‘பாப்பம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் மனதுக்குள் அந்த வானை ஓட்டினேன்.

தேர்தலன்று கடல் பக்கத்து மதிலோரம் மூன்று வான்கள் நின்றன. ஒரு பக்கம் மல்லியுடையது, மறு பக்கம் அக்காவுடையது. நடுவில் தலைவரின் வான் வழக்கமான இடத்திலேயே, வெக்கைக்குக் கதவு திறந்தபடி நின்றது. வொச்சர் ஐயா கைதட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கன்டெய்னர்காரரும் மல்லியின் வானில் ஏறினார்கள். உள்ளே குளிர்காற்று போட்டு வைத்திருந்தார். “ஏறுங்க ஏறுங்க, வோட்டுப் போட்டா ஏசி ஃப்ரீ!” என்று கத்தினார். நானாவும் பம்பலப்பிட்டிக்காரர் இரண்டு பேரும் அக்காவின் வானில். சாரதி சீட்டில் இருக்கிற வேட்பாளரையும் சேர்த்தால் நாலுக்கு நாலு. ஒழுங்கையில் நான் மட்டும் நின்றேன்.

“அய்யே, வெயில்ல காயாம ஏறுங்களேன்” என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார் மல்லி. நானா அந்தப் பக்கத்திலிருந்து, “வாங்க தம்பி, என்ன யோசனை? பொண்ணு பாக்கவா வந்தீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்து முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ. இவர் கூப்பிடக்கூட வேண்டியதில்லை, நான் வந்துதான் ஆக வேண்டும் என்று இவருக்குத் தெரியும் என நினைத்தபோது காது சுட்டது. மல்லியின் வானில் ஏறினால் என் பிழைப்பில் நானே மண் போட்டதாகும். அக்காவின் வானில் ஏற கால் வரவில்லை. நான் நடந்துபோய் நடுவில் நின்ற தலைவரின் வானில் ஏறி, இரண்டாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆறு வருடம் உட்கார்ந்த அதே சீட்.

“இது என்ன விளையாட்டு? தலைவர் நிக்கவே இல்லையே!” என்று மல்லி இறங்கி வந்தார். வொச்சர் ஐயா தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

“இந்த வான் இப்ப என்ட இல்ல” என்றார். “நேற்றே குடுத்திட்டன். தேர்தல் முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். வாங்கினது வான் அக்கா.”

நானா தொடையில் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். “அப்ப அதுவும் அக்காட வான்தானே! அஞ்சு! எண்ணுங்க ஐயா, அஞ்சு!” மல்லி விடவில்லை. “அவருக்குத் தெரியாதே! தெரியாம ஏறினது செல்லாது!”

தலைவர் கதவடிக்கு வந்து என்னைப் பார்த்தார். “தெரியாமத்தான் ஏறினவன். சரி. இப்ப தெரியும். கதவும் திறந்துதான் கிடக்கு. தம்பி, இறங்கிறதெண்டா இறங்கு. இருக்கிறதெண்டா இரு. நீ சொல்லுறதுதான் கணக்கு.”

இறங்கத்தான் நினைத்தேன். அவர் ‘பாப்பம்’ என்று சொல்லி என்னை ஏமாற்றியதும், அக்கா இதையும் எடுத்துக்கொண்டதும் நெஞ்சுக்குள் நெருப்பாக இருந்தது. ஆனால் என் கை முன் சீட்டின் சிவப்பு உறையைப் பிடித்திருந்தது. இறங்கினால் இந்த வானை விட்டு நானே இறங்கினதாகிவிடும். இதில் உட்கார்ந்திருக்க எனக்கு இருந்த ஒரே வழி அக்காவுக்கு வோட்டுப் போடுவதுதான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இருக்கிறேன் அண்ணே” என்றேன். வொச்சர் ஐயா உள்ளே குனிந்து என் தலையைத் தொட்டு, சிங்களத்தில் ஐந்து என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ கேட்டதை நான் மறக்கேல்ல. உனக்குத் தந்தா, தவணையை யோசிச்சு யோசிச்சு ஒரு நாளும் நித்திரை கொள்ளமாட்டாய். பிள்ளைகளை ஏத்திக்கொண்டு ஓடுறவன் நித்திரை கொள்ள வேணும்” என்றார். அது உண்மை. உண்மை என்பதாலேயே அவரை வழியனுப்ப நான் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அக்கா அன்றைக்கே எல்லோருக்கும் சோடா வாங்கித் தந்தார். ஒரு மாதம் கழித்து, “தம்பி, உன்ட வானைக் குடுத்திட்டு அந்த வானை நீயே ஓடன். நல்ல சம்பளம் தாறன்” என்றார். ஆசைப்பட்ட வான், அடுத்தவரின் சம்பளத்துக்கு. “இல்லக்கா, எனக்கு இதுவே போதும்” என்றேன். நானாவின் மருமகனை அதற்குச் சாரதியாகப் போட்டார். அவன் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

மூன்று வருடமாக அக்காதான் தலைவர். வரிசை கிழமைக்குக் கிழமை மாறுகிறது, ஒருவருக்கும் குறை இல்லை. என் வானில் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், அக்காவின் இரண்டு வான்களிலும் அதைவிடக் கூடியிருக்கிறார்கள். இந்த வருடத் தேர்தலுக்கு மல்லி மறுபடி நிற்கிறார். போன கிழமை ஒருநாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விடுமுன், அக்கா என் ஜன்னலடிக்கு வந்து இரண்டு பால் டொபியை டாஷ்போர்டில் வைத்தார்.

“அண்டைக்கு நீ என்னை விரும்பி ஏறயில்ல எண்டு எனக்கு அப்பவே தெரியும்” என்றார். “எப்பிடி இருந்தாலும் இறங்காம இருந்தாய். அத நான் மறக்கமாட்டன்.”

ஏன் இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஒரு டொபியைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“இந்த முறையும் ஏறுவாய்தானே?”

“எந்த வான்லக்கா?”

“எதுல ஏறினா என்ன, ரெண்டும் என்டதுதானே!” என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. மணி அடித்தது, கேட் திறந்தது. அந்தக் கிழமை முறை என்னுடையது. மற்ற ஒன்பது வான்களும் பின்னால் காத்து நிற்க, முதலாவதாக நான் போனேன்.