பழைய பதிப்புக்காரி

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இருமல் வரும். சரி, கெட்டதாகவாவது சொல்லலாம் என்றால் ஒன்றும் அகப்படாது. ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கடை. பள்ளிச் சீருடைக்கு பேட்ஜ், கம்பெனிச் சட்டைக்குப் பெயர், தொப்பிக்கு முத்திரை என்று எம்ப்ராய்டரி போட்டுக் கொடுக்கிறோம். நான் மூத்த மருமகள். ஒரு காலத்தில் துணியில் படம் வரைந்து கையால் தைத்ததெல்லாம் நான்தான். சின்னவள் வந்தாள், பின்னாலேயே பன்னிரண்டு ஊசி மெஷினும் அதற்கொரு கம்ப்யூட்டரும் வந்தன. நான் மூலையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவளாக ஆனேன்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு இன்டர்நெட் சென்டரில் வேலை பார்த்தவள். மூக்கு நுனியில் கண்ணாடி நிற்கும். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். யாரையும் குறை சொல்லமாட்டாள். இப்படி ஒருத்தி வீட்டுக்குள் இருந்தால் மற்றவர்கள் எப்படித்தான் பிழைப்பது?

பழசு எதையும் தூக்கிப் போடமாட்டாள் என்பது அவளுடைய இன்னொரு குணம். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிடியும் பென்டிரைவும் வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் சின்னச் சின்னச் சீட்டு, தேதி. “புதுசு வந்துடுச்சுன்னு பழசைத் தொலைச்சுட்டா, அப்புறம் திரும்பிப் போக வழி இருக்காது அக்கா” என்பாள். குப்பை சேர்க்கிறாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். “கெட்டிக்காரி” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். மூச்சுக்கு மூச்சு சின்னவள். வாடிக்கையாளர்கூட உள்ளே வந்ததும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, “கம்ப்யூட்டர் அக்கா இல்லையா?” என்றுதான் கேட்பார்கள். நான் கடையில் மாட்டிய காலண்டரா என்ன? அத்தை ஒரே ஒரு தடவை அவளை வாய்நிறையத் திட்ட வேண்டும், அதை நான் காதால் கேட்க வேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த மானிட்டரின் ஓரத்தில் சின்னவள் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். ‘ஆன்டிவைரஸ் அப்டேட் கேட்டால், பிறகு என்பதை அழுத்தவும்.’ ஏன் என்று ஒருநாள் விளக்கவும் செய்தாள். அவள் சொல்கிறாள் என்பதாலேயே நான் காதில் வாங்கவில்லை.

போன வாரம் ஒரு மதியம். மறுநாள் காலை ஒரு பள்ளிக்கு நானூறு பேட்ஜ் கொடுத்தாக வேண்டும். இன்னும் நூற்றைம்பது பாக்கி. நீல நூல் தீர்ந்துவிட்டது என்று சின்னவள் வாங்கப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும். திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஆன்டிவைரஸின் புதிய பதிப்பு தயாராக இருக்கிறதாம். ‘இப்போதே’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்.

தாளைப் பார்த்தேன். அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. இந்த வீட்டில் எனக்கு எல்லாமே பிறகுதானா என்று ஆத்திரம் வந்தது. ‘இப்போதே’ மேல் அழுத்தினேன்.

கோடு ஒன்று நிரம்பியது, கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது, பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த நொடி இன்னொரு பெட்டி: ‘ஆபத்தான நிரல் அகற்றப்பட்டது.’ அகற்றப்பட்டது மெஷினுக்கு டிசைன் அனுப்புகிற மென்பொருள். பழைய காலத்து மென்பொருள், புது ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடித்து அடைத்துவிடும் என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

நூலோடு வந்தவள் திரையைப் பார்த்தாள். பதறவில்லை. பதறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடைத்து வைத்ததை விடுவித்தாள். விட்ட கையோடு புதுசு மறுபடி பிடித்துக்கொண்டது. “இதைப் பழசுக்கு இறக்கினாத்தான் ஆகும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். புதுசை நீக்கினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆன்டிவைரஸின் பழைய பதிப்பையும் டிசைன் மென்பொருளையும் எடுத்து ஏற்றினாள். நடுவில் பட்டியல் ஒன்றைத் திறந்தாள். எந்த அப்டேட் எத்தனை மணிக்கு ஏறியது என்று அதில் இருந்தது. மணி இரண்டு பன்னிரண்டு. அவள் நூல் கடையில் இருந்த நேரம்.

கடிகாரத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நூல் வந்தும் மெஷின் சத்தம் கேட்காததால் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“என்ன ஆச்சு?”

“அப்டேட் ஏறிடுச்சு அத்தை. நான்தான் பாத்திருக்கணும், விட்டுட்டேன்” என்றாள் சின்னவள்.

அத்தை பிடித்துக்கொண்டார். “நாளைக்குக் காலையில குடுக்கணும்னு தெரியுமில்ல? உன்னை நம்பித்தானே வாக்குக் குடுத்தேன்? கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?”

ஆறு வருஷம் காத்திருந்து கேட்கிறேன். காதில் தேன் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. அவள் தலையைக் குனிந்தபடி மௌஸை நகர்த்திக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கும்போதுகூட வேலை நிற்கவில்லை. எனக்கு ஒன்று புரிந்தது. கெட்டிக்காரிப் பட்டம் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. இப்போது தியாகிப் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போகப் போகிறாள். அதுவும் என் தப்பை வைத்து! மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் அது பொய். பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

“அவ இல்ல அத்தை. நான்தான் அழுத்தினேன்” என்றேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மெல்லக் கனிந்தது. என் கன்னத்தைத் தொட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

“நீயாவது, அதுல கை வைக்கிறதாவது! அதை ஆன் பண்ணக்கூட உனக்குத் தெரியாதே. சின்னவ திட்டு வாங்கறதைத் தாங்காம பழியை நீ ஏத்துக்கறியா? மனசுன்னா இது மனசு. பாத்துக்க சின்னவளே, பெரியவ பெரியவதான்.”

“நிஜமா நான்தான் அத்தை…”

“போதும் போதும். எனக்குத் தெரியாதா?” என்று கண்ணைத் துடைத்தபடி மாடி ஏறிவிட்டார்.

கெடுத்தது நான்தான் என்று சொன்னால்கூட நம்புவதற்கு ஆளில்லை. அந்த அளவுக்குத்தான் என் சாமர்த்தியத்தின் மேல் இந்த வீட்டில் மதிப்பு.

சின்னவள் திரும்பவில்லை. ஆனால் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன. மெஷின் ஊசி படபடவென்று இறங்கத் தொடங்கியது. நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். எனக்காகப் பொய் சொன்னதும் அவள்தான், இப்போது மனம்விட்டுச் சிரிக்கக் கொடுத்து வைத்தவளும் அவள்தான்.