ஒன்பதாவது ஆல்பத்தை விட்டுவிடச் சொன்னவள்

அந்தக் குழுவை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் கலைப்பிரியாவின் முகம் மலர்ந்துவிடும். ஒரு வாரம் கழித்து அதே முகம் சுண்டிப்போகும். கேட்டவர்களில் ஒருவர்கூட அவள் சொன்ன இடத்திலிருந்து ஆரம்பித்ததில்லை.

குழுவின் பெயர் கிரிம் ஹார்பர். இங்கிலாந்தின் ஏதோ ஒரு துறைமுக ஊரில் நாற்பது வருடங்களுக்கு முன்னால் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. இதுவரை பதினான்கு ஆல்பங்கள். கலைப்பிரியா விழுப்புரத்தை அடுத்த காணை என்ற ஊருக்குப் பக்கத்தில் கரும்பு போடும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலையில் விழுப்புரம் வந்து, பஸ் மாறி, திண்டிவனம் போவாள். சாயங்காலம் அதே வழியில் திரும்புவாள். போக வர, இரண்டு காதிலும் கிரிம் ஹார்பர்தான்.

படிக்கிற காலத்தில் தொற்றிக்கொண்டது அது. கூடப் படித்த கோட்டக்குப்பம் நிலோஃபரின் அண்ணன் துபாயிலிருந்து வரும்போது ஒரு எம்பி3 பிளேயர் கொண்டுவந்திருந்தான். அங்கே அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர் தனக்குப் பிடித்ததையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார். "தல வலிக்குதுடி, நீயே வச்சிக்கோ" என்று நிலோஃபர் அதைக் கலைப்பிரியாவிடம் தள்ளிவிட்டாள்.

கலைப்பிரியாவின் அப்பா இறந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தான் அழுதால் அம்மா உடைந்துபோவாள் என்று அவள் அழாமலே இருந்தாள். காலேஜிலிருந்து தன் ஊரான அனந்தபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம், மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு வந்தது. அது கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனைப் பற்றியது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்கு விளங்கியது ஒன்றுதான். எங்கோ ஒருவன் அவளுக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தான். ஊர் வருகிறவரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கணவன் பாண்டுரங்கன் அவள் இயர்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாது, கரும்பு மிஷின் எதனா ரிப்பேரா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ஒருநாள் வார்டு நர்ஸ் அன்புச்செல்வி, "எப்பப் பாரு கேட்டுக்கினே இருக்கீங்களே அக்கா, எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாள். கலைப்பிரியா நின்ற இடத்திலேயே பாடம் எடுத்தாள். முதல் ஆல்பம் வேண்டாம், டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கும். மூன்றாவதில் ஆரம்பி. அப்புறம் நாலு. ஐந்தில் ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், பயந்துவிடாதே. ஏழாவதைக் கிடாருக்காகக் கேள். பதினொன்றில் பழைய பாடகர் திரும்பி வருகிறார்.

"ஒம்போதாவத மட்டும் தொடாத. அவரு கோச்சிக்கினு போனப்ப இவங்க புது ஆள வச்சிக்கினு பியானோலாம் போட்டு எடுத்தது. அது கிரிம் ஹார்பரே கெடையாது."

இரண்டு நாள் கழித்து அன்புச்செல்வி சொன்னாள், "அக்கா, அந்த பியானோ பாட்டு சூப்பர்க்கா! ரிங்டோனா வச்சிட்டேன்."

போனில் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து விழுவது அதுதான். அந்தக் குழுவின் பாட்டுகளில் உலகம் முழுக்க அதிகம் பேர் கேட்டதும் அதுதான். கலைப்பிரியாவுக்கு வந்த எரிச்சலில் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த அநியாயத்துக்கு ஒரு முடிவு கட்டத்தான் யூடியூபில் இறங்கினாள். ஆல்பத்துக்கு ஒரு பகுதி, தமிழில். பாட்டைப் போட்டால் வீடியோவைத் தூக்கிவிடுவார்கள் என்பதால் பேச்சு மட்டும். வீட்டில் டிவி சத்தம், மாமியாரின் போன் பேச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் பதிவு செய்வாள். நடுவில் மும்முனை கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். நான்காவது ஆல்பத்தைப் பற்றி மூச்சுப் பிடித்துப் பேசிய வீடியோவுக்குக் கீழே ஒருவர், "டிரம்மர் வேற லெவல்" என்று எழுதியிருந்தார். அவர் கேட்டது ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை.

ஒன்பதாவது பகுதியை அவள் கால் நிமிஷத்தில் முடித்தாள். "இந்த ஆல்பத்தை விட்டுவிடுங்கள். அடுத்ததைப் பார்ப்போம்." அவள் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்தக் கால் நிமிஷத்தைத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் போய் அந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு வந்து நன்றி வேறு சொன்னார்கள்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். கரும்பு வெட்டு நடந்த மாசம் அது. பாண்டுரங்கன் அலமாரியிலிருந்த அவளுடைய பென்டிரைவை சினிமாப் பாட்டு என்று நினைத்து எடுத்துக்கொண்டு, டிராக்டரில் சொருகினான். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு இறக்க மணிக்கணக்கில் வரிசை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஒன்பதாவதில் நின்றுவிட்டான்.

மறுநாள் டிராக்டர் தெருமுனை திரும்பும்போதே பியானோ கேட்டது. கலைப்பிரியா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க, அதுல பதினாலு ஆல்பம் இருக்குதே. ஒங்களுக்கு வேற எதுவுமே ஆப்டலயா?"

"இதுலதான் அந்த ஆளு பாடறான். மத்ததுலலாம் யார்கிட்டயோ சண்ட போடறான்."

"அவருதாங்க ஒரிஜினல் பாடகரு!"

"இருக்கட்டுமே. ஆலையில எல்லாரும் கேட்டாங்க, இன்னா பாட்டுன்னு. கிரீம் ஹார்பருன்னு சொன்னேன்."

"கிரிம்!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வருஷம்தான் குழு விடைபெறும் பயணத்தை அறிவித்தது. பாடகருக்குத் தொண்டை போய்க்கொண்டிருந்தது. இனி மேடை இல்லை. இந்தியாவில் ஒரே ஒரு நிகழ்ச்சி, பெங்களூரில். கலைப்பிரியா இரண்டு நாள் லீவு சொன்னாள். தனியாகப் போகத்தான் நினைத்தாள். பாண்டுரங்கன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "நானும் வர்றேன், அந்தப் பாட்ட பாடுவாங்க இல்ல?" என்றான். பாட மாட்டார்கள் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பாடகர் அதை வாயால் தொடமாட்டார்.

மைதானத்தில் கறுப்பு பனியன் போட்ட பையன்களுக்கு நடுவே சுடிதாரில் ஒருத்தியும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவனும் நின்றார்கள். பாடகர் நரைத்த தலையோடு வந்தார். முதல் பாட்டிலேயே குரல் கரகரத்தது. கலைப்பிரியா கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தகப்பனைப் பற்றிய பாட்டுக்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அடுத்தது அதுதான் என்று நினைத்தாள்.

பாதியில் அவர் தண்ணீர் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். பழைய பாட்டுகள் சிலவற்றுக்கு இப்போது தன் குரல் எட்டுவதில்லை, மன்னியுங்கள் என்றார். பிறகு, தான் இல்லாதபோது நண்பர்கள் எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது, ரொம்ப நாள் அதை வெறுத்தேன் என்று சொல்லிச் சிரித்தார். பியானோ ஆரம்பித்தது.

மைதானம் முழுவதும் போன் வெளிச்சம். பாண்டுரங்கன் வார்த்தை தெரியாத இடங்களில் 'லா லா' போட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உரக்கப் பாடினான். கலைப்பிரியாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது கோபத்தில் வந்த தண்ணீர். வெறுக்க எல்லா உரிமையும் உள்ள மனுஷன் அதைப் பாடுகிறார். அவள் மட்டும் யாருக்காக இத்தனை வருஷம் சண்டை போட்டாள்? தகப்பன் பாட்டு கடைசிவரை வரவில்லை.

மறுநாள் காலை ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் இயர்போனை வெளியிலேயே எடுக்கவில்லை. பஸ் கிருஷ்ணகிரி தாண்டி, திருவண்ணாமலையும் தாண்டியது. பாண்டுரங்கன் மெதுவாகக் கேட்டான்.

"நீ எதுக்கோ காத்துக்கினு இருந்தியே, அத அவங்க பாடவே இல்லியா?"

"இல்ல."

"இன்னா பாட்டு அது? போடு, கேக்கறேன்."

"ஒங்களுக்குப் புடிக்காது. சண்ட போடறான்னுதான் சொல்லுவீங்க."

"புடிக்கலன்னா இன்னா இப்ப? போடு."

அவள் ஒரு இயர்போனைக் கொடுத்தாள். இன்னொன்று அவள் காதில். பாட்டு முடிகிறவரை அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கத்தறான்தான்" என்றான். "யாரு செத்துட்டாங்க?"

"அப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவரோட அப்பா" என்று சேர்த்துக்கொண்டாள்.

பாண்டுரங்கன் திரும்பி அவளைப் பார்த்தான். "ஒங்க அப்பா எப்டிப்பட்டவரு? போட்டோல பாத்ததுதான். நீ ஒண்ணுமே சொன்னதில்லையே."

செஞ்சி வருகிறவரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அனந்தபுரம் மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கியவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவள் காலேஜ் பஸ் ஏறும்போது, பஸ் நகர ஆரம்பித்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார். கண்டக்டர் விசில் ஊதித் திட்டினால்தான் கையை எடுப்பார்.