கண்ணாடியில் திறந்த கண்

இதை எழுத எத்தனையோ வருஷம் உட்கார்ந்து, எழுதாமலே எழுந்திருக்கிறேன். மனைவி உயிரோடு இருக்கையில் அவள் அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவது? போன தையில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த கண்ணாடி மட்டும், ரசம் உரிந்து, பூஜை அறையில் இருக்கிறது.

என் மாமனார் சின்னமனூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. எழுபதுகளில், மண்டபச் சுவரில் அம்மனை வரைய மேகமலை எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு ஓவியரைக் கூட்டிவந்தார். சேரிக்காரர் என்று தெரிந்தேதான். ஊராரிடம், “மதுரக்காரரு, பெரிய கை” என்றார். அம்மனுக்குக் கண் மட்டும் பாக்கி இருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. மாமனார் தானும் ஏமாந்தவர்போலத் தலையில் அடித்துக்கொண்டார். ஓவியரை விரட்டிவிட்டு மண்டபத்தைக் கழுவினார். என்ன நடிப்பு!

ஆனால் வரைந்த கைதான் கண்ணைத் திறக்க வேண்டும். போடியிலிருந்து வந்த இன்னொரு ஓவியர், “அடுத்த ஆளு வரைஞ்ச ஆத்தாளுக்கு நான் கண்ணு தொறக்க மாட்டேன்” என்று போய்விட்டார். கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தீர்த்தம் எடுக்க ஊரே சுருளி அருவிக்குப் போயிருந்த பகலில், மாமனார் விரட்டியவரையே வரவழைத்துக் கதவைச் சாத்தினார்.

அம்மனின் முதல் பார்வை நேரே படக் கூடாதென்று, கண் திறப்பவர் சுவருக்கு முதுகு காட்டி நின்று, கண்ணாடியில் பார்த்தே கண்மணி வைப்பார். மனைவியின் சீர்க் கண்ணாடியைப் பிடித்தது நான்.

ஓவியர் கேட்டார்: “ஐயா, தொறந்ததும் ஆத்தா கண்ணாடியில மொதல்ல என்னையத்தான் பாப்பா. பரவாயில்லையா?”

“அவ பாத்தா பாத்துட்டுப் போறா. ஊரு பாக்கக் கூடாது. வெரசா முடிடா” என்றார் மாமனார்.

கும்பாபிஷேகத்தன்று, “ஆத்தா தானாக் கண்ணு தொறந்துட்டா!” என்று அழுதார். ஊர் நம்பி அவருக்குப் பரிவட்டம் கட்டியது. தெருமுனையில், தன் சனம் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, ஓவியர் கைகூப்பினார். நான் பார்த்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாமனாரைத் துப்புகிற எச்சிலில் பாதி எனக்கு.

இன்று அங்கே பளிங்கில் வெட்டியிருக்கிறார்கள்: ‘அம்மன் தானே கண் திறந்த தலம்’. கீழே மாமனார் பெயர். அந்தப் பொய்க்கும் தினம் சந்தனம் பூசுகிறார்கள். ஓவியர் பெயரைக் கேட்டுவைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அம்மனை நான் இன்றும் கும்பிடுகிறேன். படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். கண் திறந்தபோது அந்தக் கண்ணாடியில் இரண்டு முகம்தான் இருந்தது. ஒன்று அம்மன். இன்னொன்று அவர்.