மூச்சு விட்ட பல்புகள்

ஓர் ஆனி மாதச் சாரலில் எங்கள் மில்லின் பல்புகளெல்லாம் மூச்சு விட ஆரம்பித்தன. பிரகாசம் கூடும், மங்கும், மறுபடி கூடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குப் பகலிலேயே கனவு காணும் வியாதி உண்டு. தேனிப் பக்கத்து நூல் மில் ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்தும் அது போகவில்லை.

எழுபதுகளின் பவர்கட் காலம். கரண்ட் போனால் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை சிங்க் செய்வோம், அதாவது ஒரே தாளத்தில் சுற்ற வைத்து லோடைப் பகிர்ந்து கொடுப்போம். இப்போது ஒன்றின் மீட்டர் முள் ஏறினால் மற்றதன் முள் இறங்கியது. நூல் அறுந்துகொண்டே இருந்தது.

முதலாளி ஆபரேட்டர் கருப்பையாவைக் கைகாட்டினார். "ஜெனரேட்டர் வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற கவர்னர கண்டபடி திருகுறான்யா. நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிருங்க."

"நான் தொடவே இல்லண்ணே" என்றார் கருப்பையா என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் சொல்றாகளே, வீட்டுல பொண்டாட்டி கூட. எனக்குத் தெரியாமத் தொட்டுட்டனோ என்னமோ" என்றார்.

பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. தொப், தொப். மெஷின்களில் படியும் பஞ்சை ஊதித் தள்ள அந்த வாரம் வந்த ஒற்றை சிலிண்டர் கம்ப்ரஸர். ஒவ்வொரு தொப்புக்கும் பல்பு ஒரு மூச்சு விட்டது. ஊஞ்சலை அது ஆடுகிற வேளைக்கே தள்ளினால் சின்னத் தள்ளலும் பெரிய ஆட்டமாகிவிடும் இல்லையா? அதேதான். ஜெனரேட்டர்கள் ஆடுகிற வேளைக்கே கம்ப்ரஸர் தட்டிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் பூசி வைத்த மெஷின் என்பதால் எங்களில் யாருக்கும் அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

"நல்ல நேரம் பாத்து வச்ச மெஷின நிறுத்தச் சொல்றீகளா?" முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நிறுத்த வேணாம் மொதலாளி. வேகத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுப் பாப்போம்."

அரை மனதாகத் தலையசைத்தார். மோட்டாரின் பெல்ட் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடச் சின்ன புல்லி மாட்டினேன். கம்ப்ரஸரின் தாளம் மாறியது. முட்கள் ஒன்றிரண்டு தடவை தயங்கி, நின்றன. பல்புகள் அசையாமல் எரிந்தன. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து எந்த மெஷின் ஆடினாலும், அதைத் திருகும் முன் பக்கத்தில் தட்டிக்கொண்டிருப்பது எது என்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

அன்று முதலாளி, "அவன நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றுவிட்டு ஆபீசுக்குப் போனார். கருப்பையா முள்ளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்: "இத எம் பொண்டாட்டிகிட்டயும் ஒருக்கா வந்து சொல்றீகளாண்ணே?"